சுவரில் ஒட்டும் கார் டிராக்: ஏன் விழுகிறது, கார் ஏன் பறக்கிறது, எங்கே மாட்டலாம்?

கேள்வி: பாளையங்கோட்டையில் வாடகை வீடு. துபாயிலிருந்து வந்த பிள்ளைகளின் சித்தப்பா, சுவரில் ஒட்டும் பொம்மைக் கார் டிராக் ஒன்று வாங்கிவந்தார். ஒட்டிய மறுநாள் காலையில் தரையில் கிடக்கிறது, ஒட்டின இடத்தில் சுவரும் சேர்ந்து பெயர்ந்துவிட்டது. ஆணி அடித்தால் வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழிப்பார். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு ஒன்பது. ஓடிய அந்த ஒரு சாயங்காலமும் கார் பாதி வழியில் பறந்து ஆச்சி கட்டிலுக்கடியில் போனதுதான் மிச்சம். இதை வைத்து மல்லுக்கட்டுவதா, பரணில் தூக்கிப் போடுவதா?

பதில்: பரணில் போட வேண்டாம். மாட்டும் இடத்தை மாற்றினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். மீதி இருப்பது கார் பறக்கிற விஷயம். அதைப் பெரியவர்கள் தீர்த்துவைக்கக் கூடாது என்பது என் கட்சி. அந்த வேலையைப் பார்க்கத்தான் பிள்ளைகளுக்கு டிராக்கே. விளக்கமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அப்பா பெயிண்ட் வேலையை காண்ட்ராக்ட் எடுத்துச் செய்தவர். மேலப்பாளையத்திலிருந்து பேட்டை வரை அவர் பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தும் பூச்சு) பார்க்காத தெரு குறைவு. சாப்பிடும்போதும் வீட்டில் சுவர்ப் பேச்சுதான் ஓடும். உங்கள் கேள்விக்கு இரண்டு படிப்பும் வேண்டியிருக்கிறது, ஆகவே முதலில் சுவரைப் பார்த்துவிடுவோம்.

நம் பக்கத்து வாடகை வீடுகளில் ஒரே வீட்டுக்குள் மூன்று விதச் சுவர் இருக்கும். முன்னறையில் பட்டி பார்த்து எமல்ஷன், உள்ளறையில் டிஸ்டெம்பர், அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் வெறும் சுண்ணாம்பு. ஒரு குடும்பம் காலி செய்து அடுத்த குடும்பம் பால் காய்ச்சுவதற்குள் அவசரமாக ஒரு கோட் அடிப்பார்களே, அது பழைய பொடியைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்ததாக இருக்கும். பார்வைக்குப் பளிச்சென்று தெரியும். உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் அந்தச் சுவரில் எந்தக் கம்பெனியின் ஒட்டும் பட்டையும் நிற்காது. பசை பிடித்திருப்பது சுவரை அல்ல, சுவர் மேல் இருக்கிற பொடியை. பொடி உதிரும்போது டிராக்கும் கூடவே வரும்.

கை சுத்தமாக வந்தாலும் இன்னொரு சோதனை உண்டு. செல்லோ டேப்பில் ஒரு சாண் கிழித்து, சுவரில் நன்றாகத் தேய்த்து ஒட்டி, சட்டென்று இழுங்கள். டேப்பின் பசைப் பக்கத்தில் பெயிண்ட் செதிலாக வந்தால் கீழே இருக்கிற பட்டியே சுவரைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். சுவரும் சேர்ந்து பெயர்ந்ததாகச் சொல்கிறீர்கள், அப்படியானால் பசை தன் வேலையை ஒழுங்காகவே பார்த்திருக்கிறது.

குளியலறையை ஒட்டிய சுவர், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கிற சுவர் என்றால் ஓதம், அதாவது ஈரம், ஏறியிருக்கும். அடியில் உப்புப் பூத்திருந்தால் தொடவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் மோசமாகும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடிச் சாரலிலும் இதே பாடு. வெயில்காலத்தில் எதிரி மேற்குச் சுவர்தான். பாளையங்கோட்டையில் சித்திரை மாதம் 40 டிகிரியைத் தொடுகிற நாள்களில் மூன்று மணிக்கு அந்தச் சுவரைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டில் எந்தப் பசையும் இளகத்தான் செய்யும்.

சுவர் நல்ல சுவர் என்றே வைத்துக்கொண்டாலும், பட்டை விழுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் இத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பது, சுவரை ஒட்டிக் கீழ்நோக்கித் தொங்கும் கனத்துக்கு. அப்போது பட்டையின் முழுப் பரப்பும் சேர்ந்து தாங்கும். பிள்ளை டிராக்கைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தால் அந்தக் கணக்கு செல்லாது. மேல் விளிம்பில் ஒரு நூல் அகலம் மட்டும் முழு இழுப்பையும் வாங்கும். அது விட்டதும் அடுத்த நூல். இப்படியே உரிந்து வந்துவிடும். பிள்ளைகள் அதிகம் கை வைக்கிற இடம் எது? கார் புறப்படுகிற உச்சி. அங்கேதான் அழுத்துவான், பிடித்துத் தொங்குவான், "நான் முதல்ல" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுப்பார்கள். ஆகவே எங்கே மாட்டினாலும் புறப்படுகிற இடத்தைப் பசையில் நிறுத்தாதீர்கள். மேசை விளிம்பு, அலமாரித் தட்டு, ஜன்னல் கட்டை என்று கனமான ஏதாவது ஒன்றின் மேல் அது உட்கார்ந்திருக்க வேண்டும்.

எமல்ஷன் சுவர், சோதனையில் தேறிவிட்டது, அங்கேயே ஒட்டுவேன் என்றால் இப்படிச் செய்யுங்கள். பினாயிலோ சோப்புத் தண்ணீரோ போட்டுத் துடைக்காதீர்கள். மெடிக்கலில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். இழுத்தால் நீண்டு வருகிற வகைப் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். ஒட்டி 30 விநாடி அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் டிராக்கை மாட்ட வேண்டும். புதிதாக பெயிண்ட் அடித்த சுவரானால் ஒரு வாரமாவது ஆறவிடுங்கள். எடுக்கும்போது வால் நுனியைப் பிடித்துச் சுவரை ஒட்டியபடியே நேர் கீழாக, மெதுவாக இழுக்க வேண்டும். உங்கள் பக்கமாக இழுத்தால் பெயிண்ட் கையோடு வரும். மெத்தென்று இருக்கிற சாதாரண டபுள் சைடு டேப் வாடகை வீட்டுக்கு ஆகவே ஆகாது.

ஆனால் உங்கள் நிலைமையில் நான் சுவர்ப் பக்கமே போகமாட்டேன். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாத இடங்கள் மூன்று இருக்கின்றன.

ஒன்று இரும்பு பீரோ. அதன் பக்கவாட்டுத் தகடு ஆறடி உயரத்துக்குச் சமமாக, வழவழப்பாக நிற்கிறது. டிராக்கின் முதுகில் காந்தப் பட்டை ஒட்டிவிட்டால் பிள்ளைகளே எடுத்து எடுத்து மாற்றலாம். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற மாதிரி, ரப்பர் போல வளையும் தட்டைப் பட்டை போதும். பாசிமணி அளவில் பளபளவென்று வரும் சின்னக் காந்த உருண்டைகளை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். இரண்டு மூன்றை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓட்டையே போட்டுவிடும். அறுவை சிகிச்சை வரை போகிற விஷயம் அது. பீரோ மேல் அடுக்கியிருக்கும் சூட்கேஸ்களையும் இறக்கிவிடுங்கள்.

இரண்டாவது ஜன்னல் கம்பி. இதைத்தான் நான் முதலில் சொல்வேன். குறுக்குக் கம்பி உள்ள கிரில்லானால் ஒவ்வொரு கம்பியும் ஒரு படி. பழைய பாவாடை நாடாவைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்துவிட்டால் உங்கள் மகள் டிராக்கை எந்தக் கம்பியில் வேண்டுமானாலும் கட்டுவாள், அவிழ்ப்பாள். சுருக்கு முடிச்சு தெரியாவிட்டால் அதையும் கற்றுக்கொள்வாள். ஜன்னலிலிருந்து சரிவாக இறங்கி, கட்டில் விளிம்பு வழியாகத் தரைக்கு வரட்டும். ஜன்னல் கதவைச் சாத்திவிடுங்கள், இல்லையென்றால் கார் தெருவில் போகிறவர் தலையில் விழும். எங்கள் தெருவில் ஒரு கார் பால்காரர் கேனுக்குள் போய் விழுந்தது. "எந்த வீட்டு வண்டில இது?" என்று அவர் வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு வந்தார். வண்டி எங்கள் வீட்டுடையதுதான்.

மூன்றாவது பலகை. நாலடிக்கு மூன்றடி, 6 மில்லி பிளைவுட், பின்னால் இரண்டு ரீப்பர் கட்டை. ஆசாரியிடம் சொல்லி விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று அங்குல இடைவெளியில் வரிசையாக ஓட்டை போட்டு வாங்கிவிடுங்கள். போல்ட்டும் கையால் திருகுகிற பட்டர்ஃபிளை நட்டும் வைத்து டிராக்கை எங்கே வேண்டுமானாலும் பொருத்தலாம். பலகையைச் சுவரில் சாத்தி, மேல் விளிம்பை ஜன்னல் கம்பியோடு கட்டிவிட வேண்டும், முன்பக்கம் சாய்ந்து விழக் கூடாது. அடியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் பலகை லேசாக மல்லாந்து நிற்கும். கார் பலகைப் பக்கமாகவே சாய்ந்து ஓடும், வெளியே பாய்வது குறையும். வீடு மாறினால் பலகையும் கூடவே வரும்.

ஆணிதான் அடிப்பேன் என்கிற சொந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் பக்கவாட்டிலும் துளை போடாதீர்கள், உள்ளே வயர்க் குழாய் போயிருக்கும். திருநெல்வேலி டவுன் ரதவீதிப் பக்கத்துப் பழைய காரை வீடுகளில் டிரில் வைத்தால் துளை நில்லாமல் பொலபொலவென்று உதிரும். அங்கெல்லாம் பலகையே மேல்.

இனி, கார் ஏன் பறக்கிறது. இதில்தான் எனக்கு ருசி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கார்களில் பேட்டரி கிடையாது. உயரம்தான் பெட்ரோல். நாலடி, அதாவது 1.2 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் கார், உராய்வே இல்லை என்று வைத்தால் அடியில் விநாடிக்கு 4.8 மீட்டர் வேகத்தில் வரும். மணிக்கு 17 கிலோமீட்டர், சைக்கிள் மிதிக்கிற வேகம். உராய்வில் கொஞ்சம் போனாலும், ஏழு சென்டிமீட்டர் நீளக் காருக்கு அது பெரிய வேகம். 1968ல் ஹாட் வீல்ஸ் கார்கள் வந்தபோது அவற்றின் பெருமையே இந்த ஓட்டம்தான். அதற்கு முன், 1953லிருந்து மேட்ச்பாக்ஸ் கார்கள் உண்டு. அவை அழகு பார்க்க, கையால் தள்ள. ஹாட் வீல்ஸ் காருக்கு மெல்லிய அச்சுக் கம்பி, உராய்வு குறைந்த சக்கரம், ஓடுவதற்கென்றே ஆரஞ்சு நிற டிராக். நிஜக் காரில் 64ல் ஒரு பங்கு அளவு என்பதும் அந்த வகைக்கு வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளின் சித்தப்பா கொண்டுவந்தது எந்தக் கம்பெனியானாலும் கார் அநேகமாக அந்த அளவில்தான் இருக்கும்.

கார் பள்ளத்தில் பறக்காது. பள்ளத்தில் டிராக் காரைத் தாங்கி மேலே தள்ளுகிறது, கார் டிராக்கை அழுத்துகிறது. ஆகவே அங்கே பிரச்சினை வந்தால் டிராக்தான் நெளியும். பறப்பது மேட்டில். மேட்டின் முதுகில் கார் வளைந்து இறங்க வேண்டுமானால் அதைக் கீழே இழுக்கப் புவியீர்ப்பு ஒன்றுதான் துணை. வேகம் மிஞ்சிவிட்டால் அந்த இழுப்பு போதாது, கார் தன் போக்கில் நேரே போய்விடும். இதற்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. மேட்டின் வளைவு எந்த வட்டத்தின் துண்டோ, அந்த வட்டத்தின் ஆரத்தில் பாதி உயரத்துக்கு மேல் கார் இறங்கி வந்திருந்தால் அது மேட்டு உச்சியில் நிற்காது. ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால் 15 சென்டிமீட்டர் இறக்கத்திலேயே பறக்கத் தயாராகிவிடும். டிராக்கை மாட்டுகிறவர்கள் அலங்காரமாக இருக்கட்டும் என்று நடுவில் ஒரு திமில் விடுவார்கள். அந்தத் திமிலை உச்சிக்குப் பக்கத்தில், கார் வேகம் பிடிப்பதற்கு முன்னால் வைத்துப் பாருங்கள். இல்லை, மேட்டை அகலமாகப் படுக்க வையுங்கள்.

முழு வட்டம் அடிக்கிற லூப்புக்குக் கணக்கு வேறு. லூப்பின் அடியிலிருந்து அளந்தால், அதன் ஆரத்தைப் போல் இரண்டரை மடங்கு உயரத்திலிருந்தாவது கார் கிளம்ப வேண்டும். 20 சென்டிமீட்டர் விட்ட லூப்புக்கு ஆரம் 10, ஆகவே 25 சென்டிமீட்டர். இது உராய்வில்லாத கணக்கு. வீட்டில் 35, 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். எவ்வளவு உயரத்திலிருந்து விட்டால் வட்டம் அடிக்கிறது என்று அவர்களே ஸ்கேல் வைத்துக் கண்டுபிடிக்கட்டும், பிறகு பலகையில் பென்சிலால் ஒரு கோடு போடட்டும். காருக்குக் கார் கோடு கொஞ்சம் மாறும். அந்த வித்தியாசத்துக்கு யார் காரணம் என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள், அதற்கும் வழி கீழே சொல்கிறேன்.

பக்கவாட்டு வளைவுக்கு வேறு வைத்தியம். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரதவீதி முக்கில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே திருப்பில் திருப்புவதில்லை. சக்கரத்துக்கடியில் சறுக்குக்கட்டை கொடுத்து, இழுத்து, நிறுத்தி, மறுபடி கட்டை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மூக்கைத் திருப்புவார்கள். டிராக்கிலும் ஒரே துண்டில் முழுத் திருப்பத்தை முடிக்காமல் இரண்டு மூன்று துண்டுகளில் பிரித்துக் கொடுங்கள், வெளிப்புற விளிம்பைச் சற்றே தூக்கிவிடுங்கள். கார் நிற்கும்.

திமிலும் இல்லை, திருப்பமும் இல்லை, நேர் ஓட்டத்திலேயே கார் துள்ளுகிறது என்றால் இணைப்பைத் தடவிப் பாருங்கள். இரண்டு துண்டு சேருகிற இடத்தில் விரலை மேலிருந்து கீழாக, கார் வருகிற திசையில் ஓட்டுங்கள். நகம் தட்டினால் காரும் தட்டும். கீழ்த் துண்டின் முனை ஒரு மில்லி தூக்கியிருந்தாலே போதும், முன் சக்கரம் அதில் இடித்து மூக்கு எழும்பிவிடும். கீழ்த் துண்டை அழுத்திவிட்டு, இணைப்புக்குப் பின்னால் ஒரு தாங்கல் கொடுத்தால் சரியாகிவிடும். பறக்கும் கார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மில்லிக்காகத்தான் பறக்கின்றன.

காரையும் புரட்டிப் பாருங்கள். அச்சுக் கம்பியில் தலைமுடி சுற்றியிருக்கும். நம் வீடுகளில் தரையில் ஓடிய எந்தக் காருக்கும் இது உண்டு, அதிலும் பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். ஊசி நுனியால் எடுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் விடாதீர்கள். முதல் நாள் வேகமாக ஓடும், மறுநாள் தூசி சேர்ந்து களியாகிவிடும். 6பி பென்சில் முனையைச் சீவின கரித்தூளை அச்சில் தேய்த்தால் போதும், அது காய்ந்த மசகு.

இப்போது அந்த அடித்துக்கொள்கிற விஷயம். "என் கார்தான் ஃபர்ஸ்ட்டு", "இல்ல, நீ தள்ளிவிட்ட" என்பதுதான் இந்த விளையாட்டின் நிரந்தரச் சண்டை. தள்ளாமல் விடுவதற்கு ஒரு ஐஸ் குச்சியை இரண்டு தடத்துக்கும் குறுக்கே வைத்து, அதற்குப் பின்னால் இரண்டு காரையும் நிறுத்தி, குச்சியை மேலே தூக்கச் சொல்லுங்கள். முடிவுக்கோட்டில் யார் முதல் என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் ஸ்லோ மோஷன் இருக்கிறது. பிறகு ஒரு பந்தயம் வைக்கலாம், அதற்கு டிராக் இரண்டு தடத்துக்குக் காண வேண்டும்.

பலகையில் மேல் இடது மூலையில் ஒரு ஆணி, அதிலிருந்து 60 சென்டிமீட்டர் கீழே, ஒரு மீட்டர் வலப்பக்கம் தள்ளி இன்னொன்று. ஒரு டிராக்கை நேராக இழுத்துக் கட்டுங்கள். இன்னொன்றைக் கொஞ்சம் நீளமாக விட்டு, ஆரம்பத்தில் செங்குத்தாக இறங்கி அடியில் படுத்துப் போகிற மாதிரி தொய்வாகக் கட்டுங்கள். எது முதலில் வரும் என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். என் மாமியாரிடம் கேட்டதற்கு, "நேர் பாத தானட்டி கிட்ட, இதுல என்ன கேள்வி" என்றார்கள். குச்சியைத் தூக்கியதும் தொய்ந்த தடத்துக் கார் வந்து சேர்ந்தது. நேர் தடத்துக் கார் அப்போது ஒரு அடிக்கு மேல் பின்னால் வந்துகொண்டிருந்தது. "ஏதோ கோளாறு, காரை மாத்திப் போடு" என்றார்கள். மாற்றிப் போட்டாலும் அதேதான். உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் நேர் பாதைக்கு 0.68 விநாடி, சரியான தொய்வுக்கு 0.57 விநாடி. தூரம் கூடினாலும் முதலிலேயே வேகத்தைச் சம்பாதித்துவிடுகிற கார் ஜெயிக்கிறது. அந்தச் சரியான தொய்வு எது என்பதை 1696ல் கணித மேதை யோகான் பெர்னூலி ஐரோப்பாவின் கணக்குப் புலிகளுக்கெல்லாம் சவாலாக விட்டார். மறு ஆண்டு நியூட்டன் பெயர் போடாமல் விடை அனுப்பினார். விடை, உருளும் சைக்கிள் சக்கரத்தின் விளிம்பில் வைத்த புள்ளி காற்றில் வரைகிற கோடு. அதைத் தலைகீழாகப் போட வேண்டும். நான் சொன்ன அளவுக்குக் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம். உங்கள் மகளின் சைக்கிளே உதவும்: சக்கர விளிம்பில் சாக்பீஸைக் கட்டி, பழைய அட்டையை ஒட்டினாற்போல் உருட்டினால் கோடு விழும். ஒன்பது வயதுக்கு இது அதிகமில்லை.

இதனால்தான் டிராக்கை ஒரே வடிவத்தில் நிரந்தரமாக மாட்டிவைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பெட்டியில் இருக்கிற படத்தைப் பார்த்து அப்பா ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அச்சு அசலாக ஒட்டிக் கொடுப்பார். பிள்ளைகள் சாயங்காலம் வரை ஓட்டுவார்கள். மறுநாள் டிவி. தப்பு அவர்கள் மேல் இல்லை, செய்ய ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையே. மாட்டுகிற வேலை பிள்ளைகள் கையில் இருந்தால் ஓட்டுவதை விட மாற்றிக் கட்டுவதில்தான் நேரம் போகும். ஆறு வயதுக்காரனுக்கு மோதலும் விழுதலும் வேண்டும். ஒன்பது வயதுக்காரிக்கு இப்படி வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். அவள் கட்டட்டும், அவன் சோதித்துக் கெடுக்கட்டும். நீங்கள் முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

உயரத்துக்கு ஒரே அளவுதான்: உங்கள் மகன் தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்று கை நீட்டினால் எட்டுகிற இடம். அதற்கு மேல் புறப்படும் இடத்தை வைத்தால் நாற்காலி வரும், நாற்காலி மேல் ஸ்டூல் வரும். டிராக்கின் வாய் வாசற்படியைப் பார்த்து இருக்கக் கூடாது, அறை மூலையைப் பார்த்து இருக்கட்டும். இறங்குகிற இடத்தில் முகத்தை வைத்து எட்டிப் பார்க்கிற பழக்கம் சின்னவனுக்கு நிச்சயம் இருக்கும், அதைத் தடுத்துவிடுங்கள். பிளக் பாயிண்ட் பக்கம் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டுக்கு வந்தால் கார்களை எடுத்து உள்ளே வையுங்கள்; கழன்ற சக்கரம் தொண்டைக்குள் போகிற அளவுதான். இங்கே புதிதாகக் கார் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள், 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். துபாயில் வாங்கியதில் அது இருக்காது, அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

சத்தம்: டைல்ஸ் தரையில் உலோகக் கார் விழுந்தால் மத்தியானத் தூக்கம் போச்சு. பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்து விரியுங்கள். பத்தமடைப் பாய் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சத்தத்தை வாங்காது, பாயும் வீணாகும். முடிவில் ஒரு அட்டைப்பெட்டியை வாய் திறந்து வைத்து உள்ளே துணி திணித்துவிட்டால் ஆச்சி கட்டிலுக்கடியில் தவழ்கிற வேலையும் மிச்சம். இரண்டிலிருந்து நாலு வரை ஓட்டக் கூடாது, கட்டலாம் என்று ஒரு சட்டம் போடுங்கள்.

டிராக் துண்டு போதவில்லை என்றால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். இரண்டு அங்குல பிவிசி குழாயை பிளம்பரிடம் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வாங்கினால் இரண்டு தடம் கிடைக்கும். கார் அதில் ஆடி ஆடி வரும், கோலிக்குண்டு அழகாக ஓடும். களக்காட்டுப் பக்கம் சொந்தக்காரர் தோட்டம் இருந்தால் வாழை மட்டை வாங்கி வாருங்கள். இரண்டு நாளில் வாடிவிடும், அதுவரை அதைவிட வழுக்குகிற தடம் கிடையாது. காரையும் கோலியையும் ஒரே சரிவில் விட்டுப் பாருங்கள், கார்தான் ஜெயிக்கும். கோலி முழு உடம்பும் உருண்டு வருவதால் அதன் ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்கே செலவாகிறது. காருக்குச் சுழல்வது நாலு குட்டிச் சக்கரம் மட்டும். கொக்கிரகுளத்தில் இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்குப் பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப் போங்கள். வீட்டில் இதையெல்லாம் செய்து பார்த்த பிள்ளைகள் அங்கே பொத்தானை அமுக்கிவிட்டு ஓடமாட்டார்கள்.

கடைசியாக, பெயர்ந்த அந்த இடம். வீட்டுக்காரர் பார்ப்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது, சரிசெய்து தருகிறோம் என்று சேர்த்துச் சொன்னால் பேச்சு வளராது. சுற்றிலும் தொங்குகிற செதிலைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்து, வால் பிரைமர் ஒரு கோட். காய்ந்ததும் பட்டியை மெல்லிசாக இரண்டு தடவை, நடுவே ஆறவிட்டு. மறுபடி உப்புத்தாள், அப்புறம் அதே நிறம். நிறம் என்னவென்று அவரிடமே கேளுங்கள். பாதி டப்பா அவர் வீட்டுப் படிக்கட்டுக்கடியில் இருக்கும். அந்த ஒரு சதுர அடிக்கு மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும், சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அடித்துவிடுங்கள்.